நீ ஏறாத மலைகள்

பாரிவாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

போர்ச்சுகல் நாட்டில் ராஸ்பெர்ரி பறித்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் இளங்கோ அவர்களின் சமூகத்துக்கு, பேரில் மட்டும் பவ்யம் உள்ள தங்கை பவ்யா, அன்பும் மரியாதையும் (இரண்டாவது கொஞ்சம் கம்மி) கலந்து எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன், முறை முடிந்தது. உன் சௌக்கியம் அறிய ஆவல் என்று எழுதுவதும் முறைதான். ஆனால் ஆவல் போய் அலுப்பு வந்து, அலுப்பும் போய்விட்டது. இப்போது உன் அறையில் தங்கியிருக்கும் குணசேகரன் அண்ணன் அனுப்புகிற ஒற்றை வரிதான் எங்களுக்கு நாளிதழ்: "உசுரோட கீறான், வேலைக்குப் போறான், பேசத்தான் மாட்றான்."

நீ போனை எடுப்பதில்லை, மெசேஜைத் திறப்பதில்லை. அதனால்தான் என் தலைமுறையே மறந்துபோன இந்தக் கடிதம் என்கிற வித்தையில் இறங்கியிருக்கிறேன். முத்தாபுதுப்பேட்டை ஹேமநாதன் அண்ணனும் உங்கள் பக்கம்தானே வேலை பார்க்கிறார், அவர் லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறார். அவர் பையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலுக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் நடுவில் இதைச் செருகி அனுப்புகிறேன். எழுத்து எங்கேயாவது கலைந்திருந்தால் அது ஊறுகாய் எண்ணெய், நானாக எதையும் சிந்தவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக நீ போர்ச்சுகலின் கிராமப்புறம் முழுவதையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இது உனக்குத் தெரியாது என்பதால்தான் எழுதுகிறேன். எங்கெங்கே போனாய், என்னென்ன பார்த்தாய் என்பதையெல்லாம் ஒழுங்காகப் படித்து மனப்பாடம் செய்துகொள். அம்மா எப்போது கேட்டாலும் நீ தடுமாறாமல் ஒப்பிக்க வேண்டும்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய், கேட்கிற வாய் உனக்கு இருந்தால். நைனா தவறிய அன்று, அங்கே தங்குவதற்கான கார்டு கைக்கு வராமல் நீ அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னார்கள், அம்மாதான் உன்னை வராதே என்றாள். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நைனா போகிற வழியெல்லாம் உனக்குக் காட்டிக்கொண்டே தெருமுனை வரை வந்தேன், அதற்கு மேல் பெண்கள் வரக்கூடாது என்று போனை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள், சுடுகாட்டுக்குள்ளே சிக்னல் இல்லை, நீ வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா வைத்ததை நீ பார்க்கவில்லை. அன்றோடு நீ பேச்சை நிறுத்தினாய். அம்மா என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மணி அடித்தால் முகம் எழும்பும், எடுத்துப் பேசினால் விழும். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம்கூட "எந்த ஊர்லேர்ந்துமா பேசுறே, அங்க மழையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. பக்கத்து அபார்ட்மென்ட் லிஃப்டில் 'இன்று இந்த லிஃப்ட் மேலே மட்டும் போகும்' என்று ஒட்டி ஒரு தெருவையே படியில் இறங்க வைத்தவள் நான். பெற்ற தாயை ஒரு வாய் சாப்பிட வைக்க முடியாதா என்று வீம்பு வந்தது.

முதலில் நாரை. நீ இருக்கிற ஓடெமீராவின் கடற்கரைதான். அலைக்கு நடுவில் குத்துக்கல்லாக ஒரு பாறை, அதன் தலையில் செங்கால் நாரை கூடு கட்டி நிற்கிறது. இணையத்திலிருந்து எடுத்து, "இன்னாமா, அண்ணன் போட்டோ அனுப்பிகீறான் பாரு" என்று நீட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள். "அல அடிச்சா குஞ்சு உழுந்துடாது?" "உழாதுமா, அண்ணன் பாத்துகினுதான் கீறான்." அம்மா சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன், உதடு கொஞ்சம் நகர்ந்தது. நகர்ந்த உதட்டுக்குள் ஒரு தோசையைத் தள்ளிவிட்டேன். அன்றைக்குத் தொடங்கியது உன் சுற்றுலா.

அடுத்து மார்வாவ். பேரைச் சொன்னாலே மூச்சு வாங்குகிறதல்லவா, ஊரும் அப்படித்தான். ஸ்பெயின் எல்லையில் ஒரு மலை, மலை உச்சியில் மதில், மதிலுக்குள் வெள்ளை வெள்ளையாக வீடுகள், மதில் முனையில் கோட்டை. அழகாக இருக்கிறதே என்று காட்டித் தொலைத்தேன். துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை யாரும் மலை ஏறக்கூடாது என்பது என் மரமண்டைக்கு மறந்தே போய்விட்டது. மாமா வீட்டுக் காதுகுத்து திருத்தணி மலை மேல் என்பதால் அதற்கே நாங்கள் போகவில்லை, நீயோ கோட்டை மேல் நிற்கிறாய்!

"அடிப்பாவி, மல மேலயா கீறான்? எறங்கச் சொல்லுடி!"

"அது சாமி இல்லாத மலமா, கணக்குல வராது."

"மலன்னா மலதான். இப்பவே எறங்கச் சொல்லு."

"பஸ்சு சாயந்திரம்தாம்மா."

"நடந்து எறங்கச் சொல்லு!"

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. காலையில் நான் எழுந்து 'இறங்கிவிட்டான்' என்று சொன்ன பிறகுதான் காபி உள்ளே போனது. உன்னைக் கேட்காமல் ஏற்றியவளும் நான், கேட்காமல் இறக்கியவளும் நான். நடந்து இறங்கியதில் உனக்கு முட்டி வலி வந்ததாகவும் சொல்லியிருக்கிறேன், இடது முட்டி, மாற்றிச் சொல்லிவிடாதே.

சரி, இனி சமதரையாகப் பார்த்துக் காட்டுவோம் என்று தேடினால், அந்த ஊர்க்காரர்களுக்குத் தரையில் வீடு கட்ட என்ன கேடோ, பழைய ஊர் என்று எதைத் தட்டினாலும் மலை உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறது. போர்ச்சுகல் என்று பேரிலேயே கல்லை வைத்துக்கொண்டிருக்கிற நாடு வேறெப்படி இருக்கும்? மோன்சான்டோ என்று ஒரு ஊர், அங்கே யானை யானையாகக் கிடக்கிற பாறைகளுக்கு இடையில் சுவர் எழுப்பி, பாறையையே கூரையாக்கி வாழ்கிறார்கள். படத்தில் மலையை வெட்டிவிட்டு வீட்டை மட்டும் காட்டினேன். "ஊட்டு மேலயே பாற கீதே, இதுக்குள்ளயா படுத்தான்? வெளிய வந்து படுக்கச் சொல்லு" என்றாள். ஆகவே அன்றிரவு நீ குளிரில் தெருவில் படுத்தாய். புலோ டோ லோபோ என்று ஓர் அருவி, ஆறு ஒரு பாறை இடுக்குக்குள் நுழைந்து பொங்கிக் கீழே விழுகிறது. ஏற்றமே இல்லை, இறக்கம்தான் என்று பெருமையாகக் காட்டினால், "அவனுக்கு நீச்சே தெரியாதேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உன்னை உடனே கரையேற்றித் துவட்டி அனுப்பினேன்.

கார்க் மரக் காடு ஒன்றுதான் அம்மாவுக்குப் பிடித்தது. பாட்டில் மூடி செய்ய அந்த மரங்களின் பட்டையை உரித்து எடுக்கிறார்கள், உரித்த இடம் ரத்தச் சிவப்பாக இருக்கிறது, எந்த வருஷம் உரித்தது என்று மரத்தின் மேலேயே ஓர் எண்ணைப் பெயின்டில் எழுதிவிடுகிறார்கள். "மறுபடி வளந்துடுமா?" என்றாள். "வளந்துடும்மா. ஒம்போது வருசம் ஆவும்." "ஒம்போது வருசமா" என்றாள். படத்தை மூட விடவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஜாதியா? வடக்கே லிண்டோசோ என்ற ஊரில் கல்லால் கட்டிய நீள நீளமான சோளக் குதிர்கள் வரிசையாகக் கால் ஊன்றி நிற்கின்றன, உச்சியில் சிலுவை. அதை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா கங்காதரன் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது, சமாதிங்களா?"

"குதிரு சித்தப்பா. சோளம் கொட்டி வெக்கிறது."

"குதிரு மேல சிலுவ இன்னாத்துக்கு?"

"எலி கும்புட."

என் நாக்கை அறுத்தால் தேவலை. அவர் கத்திய கத்தலில் ஏரிக்கரை மேல் மேய்ந்த மாடெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும். "அப்பன் செத்து வருசம் திரும்பல, தொர மலைக்கு மல தாவிகினு, இப்போ சுடுகாட்டாண்ட நின்னுகினு போட்டோ புடிக்கிறாரா? கொள்ளி வெக்க வர நேரமில்ல, ஊரு மேய நேரம் கீதா?" அம்மா போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் வாசலில் நின்றபடியே குணசேகரன் அண்ணனின் நம்பருக்கு அதையே குரலாகப் பதிவு செய்து உனக்கு அனுப்பிவிட்டார். நீ கேட்டிருப்பாய். அண்ணா, அந்த வசவு அத்தனையும் என் பேருக்கு வர வேண்டிய பார்சல், விலாசம் மாறி உன் வீட்டில் டெலிவரி ஆகிவிட்டது. அதற்காக ஆத்திரப்பட்டு, 'நான் எங்கேயும் போகவில்லை' என்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிடாதே. அந்த உண்மை அம்மா காதுக்கு வந்தால் தட்டில் சோறு திரும்பவும் போட்டபடி கிடக்கும்.

இனிமேல்தான் நிஜமான விஷயம். சித்தப்பா கத்திய பிறகு அம்மா சோர்ந்திருக்கவே, மலை இல்லாத, தண்ணீர் இல்லாத, சிலுவை இல்லாத ஓர் இடத்தைத் தேடி எடுத்தேன். எவோரா பக்கம் அல்மெந்த்ரெஸ் என்று ஓர் இடம், கார்க் மரங்களுக்கு நடுவில் வட்டமாக நட்டு வைத்த கற்கள், ஏழாயிரம் வருஷப் பழசாம், உட்கார்ந்திருக்கிற ஆட்கள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அம்மா கல் கல்லாக விரல் வைத்துப் பார்த்தாள். "நட்ட கல்லா? யாருக்கு நட்டாங்க?" எனக்குத் தெரியாது என்றேன், யாருக்குமே தெரியாதாம். "ஏரிக்கரைல நைனாக்கு நட்டோமே, அப்புடியா?" கருமாதி அன்று கல் நட்டு வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றினோம். மூத்த பிள்ளை எங்கே என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தோம், சித்தப்பாதான் சொம்பை வாங்கி உனக்கும் சேர்த்து ஊற்றினார். அம்மா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அவன் அதுல ஒரு கல்லுக்காவது தண்ணி ஊத்துனானான்னு கேளு. நைனா பேரச் சொல்லி ஊத்தச் சொல்லு. அங்க ஊத்துனாலும் இங்க வந்துடும்" என்றாள்.

இப்போது தினமும் அதே கேள்வி. "ஊத்துனானா?" உன்னை மலை ஏற்றினேன், தெருவில் படுக்க வைத்தேன், ஆற்றில் முக்கி எடுத்தேன், எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. 'ஊத்தினான்' என்கிற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதை நான் சொல்ல முடியாது, அது நீ செய்ய வேண்டியது. மற்ற எல்லா ஊருக்கும் உனக்குப் பதில் நான் போய் வந்துவிட்டேன். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் லீவு நாளில் நீயே போ. ஒரு பாட்டில் தண்ணீர் போதும். காவல்காரர் யாராவது கேட்டால் கல்லுக்குத் தாகம் என்று சொல்.

வேறு விசேஷமில்லை. பெரியவர்கள் ஆசி சொல்லி முடிப்பது வழக்கம். நம் வீட்டில் பெரியவர் இப்போது அம்மா ஒருத்திதான், அவள் ஆசி உனக்குத் தினமும் வந்துகொண்டேதான் இருக்கிறது, நீதான் எடுப்பதில்லை. குணசேகரன் அண்ணனுக்கு என் வணக்கம். ஊறுகாயை அவரே தின்றுவிடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பயண ஏற்பாட்டாளர்
பவ்யா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் உறையை ஒட்டுவதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய். சித்தப்பா திட்டியதற்குச் சண்டை போடத்தான் கூப்பிட்டாயோ என்னவோ, நான் 'அண்ணா' என்று வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கி, "இளங்கோ, மலேர்ந்து எறங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். செத்தேன் என்று நான் சுவரோடு சாய்ந்தேன். ஆனால் ஒரு வரிகூடப் படிக்காத நீ, "எறங்கிட்டம்மா" என்றாய். "குளுரா?" "ஆமாமா." அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசியது எதிலும் வார்த்தை இல்லை. நீ அழுதாய், அம்மா "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

போனை வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். "இது ஊரு சுத்துனவன் கொரலாடி? அவன் எங்கயும் போவல. ஒரே எடத்துல குந்திகினு அழுதுகினு கீறான்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன், இந்தக் கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "அந்தக் கல்லுக்கு எப்புடிப் போறதுன்னு எய்தினியா? எந்த பஸ்சு, எங்க எறங்கணும்னு எய்து. அவன் புள்ளப்பூச்சி, கேக்க வெக்கப்படுவான்."

எந்த பஸ் என்று எனக்கும் தெரியாது அண்ணா. எவோரா வரைக்கும் போ, அங்கே யாரையாவது நிறுத்தி வாய் திறந்து கேள். இன்று திறந்தாயே, அதே வாய்தான்.