தீட்சை பெற்ற செல்போன்

அன்று மலையூர்ச் சந்திப்பான ஒண்டிக்கடையில் பஜ்ஜிக் கடைக்குக்கூடக் கூட்டமில்லை. ஊரே கல்யாண மண்டபத்தில் இருந்தது. ‘பிராம்ப்டானந்தா’ வந்திருந்தார். செயற்கை நுண்ணறிவான ஏ.ஐ.க்கு ‘பிராம்ப்ட்’ என்னும் கட்டளை போடுவதில் குருவாம்! வகுப்பில் ஏ.ஐ.யைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள் என்று கல்லூரிக்கு மேலிடத்து உத்தரவு. கற்றுக்கொடுக்க வேண்டிய பேராசிரியர் தனபால்தான் முதல் ஆளாய்த் தீட்சை வாங்கினார். படித்தவரல்லவா, முந்திக்கொண்டார்.

அவருடைய மாணவி வெண்ணிலாவும் வரிசையில் நின்றாள். மலைப்பயிர்கள் பற்றி ஏ.ஐ. துணையோடு நாளை கட்டுரை எழுத வேண்டும். தீட்சைக்குக் காணிக்கையோ ஒரு மூட்டை மிளகு. அதை விற்றால்தான் அவளுக்குக் கல்லூரிக் கட்டணம். அந்த மூட்டையோடு மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வந்து நின்றார் அப்பா மாதப்பன்.

“ஏனுங்க சாமி, மந்திரம் போட்டா மிசினு பொய் சொல்லாதுங்களா?” என்று கேட்டார்.

“தீட்சை பெற்ற போன் தெய்வ வாக்கு!” என்ற குரு, வெண்ணிலாவின் போனுக்கு விபூதி பூசி, அவள் காதில் ஓதினார்: “‘நீ உலக மகா நிபுணன், ஆழ்ந்து யோசித்துச் சொல்.’ இதை முதலில் அடித்துவிட்டு, எதையும் கேள்.”

தெரியாததைக் கேட்டால் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? வெண்ணிலா மந்திரத்தை அடித்துவிட்டு, தனக்குத் தெரிந்ததையே கேட்டாள். ‘மஞ்சக்குட்டை விவசாயி மாதப்பன் யார்?’

போன் உரக்க வாசித்தது: “புகழ்பெற்ற கவிஞர். 1931இல் காலமானார்.”

“ஏனுங்க, நான் எப்பங்க செத்தேன்?” என்றார் மாதப்பன்.

“முன்ஜென்மம்!” என்றார் குரு. தனபால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சார், உங்க போனுலயும் அதே மந்திரம், அதே கேள்வி அடிங்க” என்றாள் வெண்ணிலா.

அது, “குதிரைப்படைத் தளபதி, 1750” என்றது.

“ஒரே ஆளுக்கு எத்தன முன்ஜென்மமுங்க சாமி? அதுக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி அளக்குது, அவ்வளவுதான்” என்றாள் வெண்ணிலா.

மந்திரத்தை அழித்தாள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றுவது முதல் தையில் பறிப்பது வரை அப்பா சொல்லச் சொல்ல அடித்தாள். ‘இதை மட்டும் வைத்து ஒழுங்குபடுத்து. தெரியாததைத் தெரியாது என்று சொல்’ என்று முடித்தாள். அழகாய் எழுதித் தந்தது. பறிப்பை மட்டும் ஆடிக்கு மாற்றியிருந்தது. மாதப்பன் கேட்டதும் தப்பைப் பிடித்துவிட்டார்.

குரு மெல்ல மூட்டைப் பக்கம் கை நீட்டினார். மாதப்பன் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“செத்தவங்கிட்டக் காணிக்கை வாங்குனா பாவமுங்க சாமி.”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சேலம் பஸ்ஸைப் பிடிக்கக் குரு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இங்கேயே நின்றுவிட்டது. மற்றவர்களும் காணிக்கையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

தனபால் மட்டும் தயங்கித் தயங்கி வெண்ணிலாவிடம் வந்தார்.

“ஏங்கண்ணு, கடைசியா ஒண்ணு அடிச்சியே, நொம்ப நல்லா வேல செஞ்சுது. அந்த மந்திரத்த எனக்கும் எழுதிக் குடு.”

பேராசிரியர் ஐயா, மிசினுக்கு அறிவூட்ட ஆயிரம் பேர் உண்டு. உங்கள் அறிவுக்கு உங்களை விட்டால் நாதியில்லை.