முன்சக்கரம் இல்லாத ஞானத்தந்தை

ஷ்கோஃப்யா லோகா,
புதன்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த தங்கை மிலேனாவுக்கு (பொறுமை இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கும்), அண்ணன் ரூடி எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி ஸ்லாவ்காவும் இங்கே சுகம். அங்கே நீயும், மகள் உர்ஷ்காவும், மாப்பிள்ளையும், வருகிற ஞாயிறு ஞானஸ்நானம் பெறப்போகும் பேரன் லோவ்ரோவும் சுகமென்று நம்புகிறேன். என் மோட்டார் சைக்கிள்தான் சற்று உடம்புக்கு முடியாமல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், விஷயம் பாதியில் நின்றுவிடும். கடிதத்தைப் படித்து நீ சிரித்தால் எனக்குக் கேட்காது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லோவ்ரோவை ஞானஸ்நானத்தில் ஏந்தி நிற்கப்போகும் ஞானத்தந்தை நான்தான். போன வாரம் நீ, "அண்ணா, உர்ஷ்கா கல்யாணத்துக்கும் செயினுக்கு எண்ணெய் போடுறேன் எண்ணெய் போடுறேன்னு கேக் வெட்டினதுக்கப்புறம்தான் வந்து நின்னே. இந்தத் தடவை வரலைன்னா குழந்தையை மாப்பிள்ளையோட சித்தப்பா ஃபெலிக்ஸ் கையில கொடுத்துடுவேன், ஆமா" என்று சொன்னாய் பார், அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபெலிக்ஸ் நல்ல மனுஷன், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் கார் கழுவுவதைத் தவிர அந்த ஆள் என்னத்தைக் கண்டார்? உர்ஷ்காவுக்கும் நான்தானே ஞானத்தந்தை. அவளை நான் ஏந்திக்கொண்டு நின்றபோது என் கோட்டில் பால் கக்கினாள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கறை இன்னும் தோளில் இருக்கிறது. ஸ்லாவ்கா எத்தனையோ தடவை கழுவப் பார்த்தாள், நான் விடவில்லை. இப்போது அவள் பிள்ளைக்கும் மாமாதான் வேண்டும் என்று அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். இதைவிட எனக்கு வேறென்ன பெருமை இருக்கிறது, சொல்லு.

அந்தப் பெருமைக்குத் தகுந்த மாதிரி வந்து இறங்க வேண்டும் என்றுதான் பனிக்காலம் பூராவும் வண்டியைத் தயார் பண்ணினேன். கணவாய் தாண்டி உங்கள் ஊர் வரைக்கும் உள்ள நாற்பது சொச்சம் கிலோமீட்டருக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று நீ கேட்பாய், ஸ்லாவ்காவும் அதையேதான் கேட்கிறாள். உங்களுக்கு வண்டியின் குணம் தெரியாது. இது சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்கி வருகிற வண்டி இல்லை. பந்தய வண்டியின் எஞ்சினும் நெடும்பயண வண்டியின் இருக்கையும் ஒன்றாகச் சேர்ந்த ஜாதி. அதை அரைகுறையாக ரோட்டுக்குக் கொண்டுவருவது மரியாதையில்லை. ஆகவே காற்று நெஞ்சில் அறையாமல் இருக்க உயரமான முன்கண்ணாடி வாங்கினேன், கணவாயில் குளிரும் என்று சூடாகும் கைப்பிடி வாங்கினேன், செயினுக்குத் தானாக எண்ணெய் சொட்டும் குழாய் ஒன்று, இடுப்புக்கு இதமாக மெத்தை ஒன்று, பின்னால் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று அலுமினியப் பெட்டி. செயின் மெழுகு உருக்க உன் அண்ணியின் ஜாம் பாத்திரத்தை ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன். போன மாதம் அனுப்பிய ஜாமில் ஏதோ வாசனை வருகிறது என்றாயாமே, அது வேறு எதனாலோ. பக்கத்து வீட்டு ஸ்தானே வந்து வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தான். "டேய் ரூடி, எல்லாம் வெச்சுட்டே, ஒரு அடுப்பும் கட்டிலும் வெச்சுட்டா நீ வீட்டுக்கே வர வேண்டியதில்லை, ஸ்லாவ்காவும் நிம்மதியா இருப்பா" என்றான். போன வருஷம் முழுக்க இந்த வண்டி கோயிலை விட்டால் பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் போனதாம், அதுவும் டயருக்குக் காற்றடிக்கத்தானாம். அவன் நாக்குக்கு எலும்பில்லை, விடு.

இந்த வேகத்தில் ஈஸ்டர் முடிந்து வருகிற வண்டி மந்திரிப்பு நாள் எனக்குத் தவறிவிட்டது. ஊரில் உள்ள மோட்டார் சைக்கிள் எல்லாம் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்று தீர்த்தம் வாங்கிக்கொண்டிருக்கும்போது, என்னுடையது வீட்டு கராஜில் கண்ணாடியும் விளக்கும் கழன்று, ஒயர்கள் தொங்க நிற்கிறது. மந்திரிக்காமல் வருஷத்தின் முதல் ஓட்டம் ஓட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், அதுவும் ஞானஸ்நானத்துக்கு மந்திரிக்காத வண்டியில் போவதா? பங்குச் சாமியிடம் சொன்னேன். நல்ல மனுஷன், வீட்டுக்கே வந்தார். உன் அண்ணி இருக்கிறாளே, நான் கிரீஸை வீட்டுக்குள் மிதித்து வருகிறேன் என்று கராஜுக்கென்றே பழைய வீட்டுச் செருப்புகளை அதன் வாசலில் அடுக்கிவைத்து, மாற்றாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. சாமி அங்கியோடு ஊதா நிறப் பஞ்சுச் செருப்பில் வந்து நின்றார். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "எதை மந்திரிக்கணும் ரூடி, காட்டு. மாட்டியிருக்கிறதை மட்டுமா, தரையில கிடக்கிறதையும் சேர்த்தா?" என்றார். "எல்லாத்தையும் சேர்த்துத்தான் சாமி" என்றேன். அவர் தெளித்தார். போன வருஷம் என் வண்டிக்கு ரெண்டே சொட்டுத்தான் விழுந்தது, ஸ்தானே வண்டிக்குக் குளிப்பாட்டினது மாதிரி விழுந்தது, அந்த ஆதங்கம் எனக்கு உண்டு. அதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "சாமி, இந்தக் கைப்பிடிப் பக்கமும் கொஞ்சம் தாராளமா" என்று கேட்டுவிட்டேன். அவரும் தாராளமாகவே தெளித்தார்.

கைப்பிடிச் சூட்டுக்கு வந்த ஒயரை நான் ஹாரன் ஒயரோடு சேர்த்து, நேராக பேட்டரிக்குக் கொடுத்திருந்தேன். இன்னும் டேப் சுற்றவில்லை. தீர்த்தம் அங்கே போய் இறங்கினதும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது பார், சாவியைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை. நான் தீர்த்தத்தைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஒயருக்குத்தான் விசுவாசம் போதவில்லை. சாமி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்து ஜெபத்தை முடித்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்தானே, கல்யாண ஊர்வலத்து ஹாரன் என்று நினைத்த மாதிரி, "யாருக்குடா கல்யாணம், எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்று கத்துகிறான். உன் அண்ணி ஒன்றுமே நடக்காத மாதிரி பேரிக்காய்ச் சாராயத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, "முதல்ல இதைக் குடிங்க சாமி, அது அதுபாட்டுக்கு அடிக்கட்டும், அவருக்கு வேற வேலை கிடையாது" என்கிறாள். கடைசியில் அவள் பூச்செடி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து ஒயரை வெட்டினேன். அதற்கு ஒரு திட்டு தனியாக வாங்கினேன்.

சரி, வெட்டின ஒயரைச் சரி பண்ணத்தானே வேண்டும். அதற்கு முன்பக்கத்து மூடியைக் கழற்றினேன். இவ்வளவு கழற்றினது கழற்றினோம், பிரேக் கட்டையையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். பிரேக்கைப் பார்த்தது பார்த்தோம், பழைய டயரோடு குழந்தை முகத்தில் எப்படி முழிப்பது என்று முன்சக்கரத்தையே கழற்றிப் புது டயர் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். வண்டி இப்போது முன்னால் ஒரு ஸ்டாண்டும் பின்னால் ஒரு ஸ்டாண்டுமாக, தூக்கிக் கட்டின குதிரை மாதிரி நிற்கிறது. சக்கரத்தை மாட்டினால் முடிந்தது கதை. அச்சை முடுக்க இந்த வண்டிக்கென்றே வந்த ஆறு பட்டைத் திருகுச்சாவி ஒன்று வேண்டும், அது எங்கே? சக்கரத்தைக் கழற்றின கையோடு, வழியில் தேவைப்படும் என்று நானே கருவியெல்லாம் பொட்டலம் கட்டி அலுமினியப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டிகளின் சாவி எங்கே? அதுவும் பெட்டிக்குள்தான். நான் சத்தியமாகத் திறந்துதான் வைத்திருந்தேன் மிலேனா. உன் அண்ணிதான் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று மூன்று மூடியையும் டப் டப் டப்பென்று சாத்திவிட்டுப் போயிருக்கிறாள், சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ஜாதி. கேட்டால், "மூடிங்கிறது எதுக்குங்க இருக்கு, மூடறதுக்குத்தானே" என்கிறாள். சாவி உள்ளே இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன், "நான் சாத்தும்போது சாவியும் இல்லை பூவியும் இல்லை, உங்க பையில பாருங்க" என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். எந்தத் திருடன் வந்தாலும் திறக்க முடியாத பெட்டி என்று ஊர் முழுக்க நானே பெருமை அடித்திருக்கிறேன். பூட்டுக்காரன் வந்து பார்த்தான், அவனாலும் முடியவில்லை. திங்கட்கிழமை வேறு கருவியோடு வருகிறானாம்.

காரில் வர வேண்டியதுதானே என்பாய். கார் கராஜுக்குள் இருக்கிறது, வண்டிக்குப் பின்னால். முன்சக்கரம் இல்லாத வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது காரை எப்படி எடுப்பது, பறக்கவா விடுவது? ஸ்தானே, "நாலு பேர் பிடிச்சா ஓரமா நகர்த்திடலாம்டா" என்றான். அவன் கையை நான் பார்த்திருக்கிறேன், விறகு அடுக்குகிற கை. அந்தப் பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் என் ஆயுசுக்கும் ஆறாது. ரயிலில் வா என்பாய். லோவ்ரோவின் ஞானத்தந்தை மோட்டார் சைக்கிளில் கணவாய் தாண்டி வந்து கோயில் வாசலில் இறங்குவார் என்று உங்கள் ஊர் பேக்கரி வரைக்கும் சொல்லிவைத்தாயிற்று. ரயிலில் மடியில் பையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினால் ஃபெலிக்ஸ் என்ன நினைப்பார்? நானே என்னை என்ன நினைப்பேன்?

ஆகவே தங்கையே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், உங்கள் ஊர்ச் சாமியாரிடம் பேசி ஞானஸ்நானத்தை ஒரே ஒரு வாரம் தள்ளிவை. குழந்தைக்கு என்ன அவசரம், பாவமா செய்துவிட்டான் அவன்? முடியாது என்றால், யார் கையில் கொடுப்பேன் என்றாயோ அவர் கையிலேயே கொடு, நான் இங்கே அழுதுகொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஃபெலிக்ஸிடம் சொல்லிவை, தலைக்குக் கீழே கை கொடுத்துப் பிடிக்க வேண்டும், பால் கக்கினால் முகம் சுளிக்கக் கூடாது.

உனக்கும் உர்ஷ்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. லோவ்ரோவுக்கு நெற்றியில் நான் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொண்டு நீயே ஒன்று வரைந்துவிடு. மாதா உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

உன் அண்ணன்,
ரூடி

பின்குறிப்பு: மிலேனா, இது ஸ்லாவ்கா எழுதறது. தபாலில போடச் சொல்லி உங்கண்ணன் என்கிட்ட கொடுத்தார். ஒட்டாத கடிதம், அதனால படிச்சேன். படிச்சுட்டு ஏப்ரன் பையிலேயே வெச்சுக்கிட்டேன். இன்னிக்கு சனிக்கிழமை காலையில விறகுக் கொட்டகையிலேர்ந்து என் பழைய மொபெட்டை வெளியே தள்ளினேன், செருப்புத் தொழிற்சாலைக்கு நான் வேலைக்குப் போயிட்டு வந்தேனே, அதே மொபெட். கோழி எச்சத்தைத் துடைச்சேன், பெட்ரோல் ஊத்தினேன், ரெண்டு மிதி மிதிச்சேன், கிளம்பிடுச்சு. "ஏறுங்க"ன்னேன். தெருவை ரெண்டு பக்கமும் பார்த்தார். "ஹெல்மெட் போட்டா யாருன்னு தெரியாது, ஏறுங்க"ன்னேன். பயண உடுப்பு முழுசும் மாட்டிக்கிட்டு, சூடாகிற கையுறை வேற, அதோட ஒயர் சொருக இடமில்லாம வால் மாதிரி தொங்க, என் பின்னாடி உட்கார்ந்தார். மொபெட் ஏத்தம் தாங்காம கணவாயில பாதித் தூரம் இறங்கி நடந்தார், இறக்கத்துல கண்ணைத் திறக்கலை. நடுவுல ஃபெலிக்ஸ் காரை நிறுத்தி, "ஏறிக்கோங்க ரூடி, நானும் அங்கதான் போறேன்"னார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "இல்லை ஃபெலிக்ஸ், நான் வண்டியில வர்றேன்னு சொல்லிட்டேன்"னார். உச்சியில ஏறி நின்னு வேர்வை துடைக்கக் கைக்குட்டை தேடி உடுப்புப் பையில கை விட்டார், பெட்டிச் சாவி வந்துச்சு. "திரும்பிப் போய்ச் சக்கரத்தை மாட்டிக்கிட்டு நாளைக்கு வர்றீங்களா?"ன்னு மட்டும் கேட்டேன். சாவியைப் பார்த்தார், இறங்கிப் போற ரோட்டைப் பார்த்தார். "வேணாம், மாட்டினா ஒயரையும் பார்க்கணும்னு தோணும். நீ போ"ன்னார்.

இப்ப உன் வீட்டு வாசல்லதான் நிக்கறோம், கதவுக்கு வெளியில. கடிதம் தபாலுக்குப் போகலைன்னு வழியில சொல்லிட்டேன், அதனால முதல்ல இதைக் கொடுத்துடுன்னு என்னை அனுப்பறார், வெட்கம். பால் கறைக் கோட்டை மடிச்சுப் பையில கொண்டுவந்திருக்கார், நாளைக்குப் போட்டுக்குவாராம். உன் விறகு அடுக்குப் பக்கத்துல நின்னு மண்ணும் புல்லும் போட்டுக் கையைத் தேய்ச்சுக்கிட்டிருக்கார், கிரீஸ் போயிடுச்சான்னு திரும்பத் திரும்பக் காட்டறார். போகலை, நகக்கண்ணுல இருக்கு. சிரிக்கறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுக்கோ. அப்புறம் வெளியே வந்து, கை சுத்தமா இருக்கு அண்ணான்னு சொல்லி, குழந்தையைக் கொடுத்துடு.