மூன்றாவது பொத்தான் வரை

தூத்துக்குடியில் வீசுகிற காற்றுக்கெல்லாம் கடல் பொறுப்பு; கூடைப்பந்துக்குள் அடைபட்ட காற்றுக்கு மட்டும் எட்டுப் பவுண்டு அண்ணாச்சி பொறுப்பு. புதுத் துறைமுகத்தில் அவர் தலைமை எழுத்தர்; பள்ளி ஆட்டங்களுக்கு நடுவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டாரே ஒரு கணம் யோசிப்பார்கள். பந்துக்கு எட்டுப் பவுண்டு காற்று. குறைந்தாலும் பாவம், கூடினாலும் பாவம். அதுதான் அவர் வேதம்.

காற்றளக்கும் கருவியை அவர் நம்பியதில்லை. "உப்புக் காத்துல முள்ளு துருப்பிடிச்சிரும். என் சட்டை துருப்பிடிக்குமா?" என்பார். பந்தைத் தலைக்கு மேலே பிடித்துக் கைவிடுவார். விழுந்து எழும் பந்து அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு வந்தால் ஆட்டம் தொடங்கும். இல்லையென்றால் கலெக்டரே காத்திருந்தாலும் தொடங்காது.

அவர் கட்டைவிரல் வெளியிலும் சும்மா இருக்காது. பேக்கரியில் மக்ரூனை அமுக்கிப் பார்த்து நொறுக்குவார். எங்கள் தெருவில் நடந்த ஞானஸ்நான விருந்தில் குழந்தையின் கன்னத்தை அமுக்கி, "அரைப் பவுண்டு கூட" என்றார். தாய்க்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் மகள் மெர்சி பள்ளி அணியில் ஆடுகிறாள். விரல் பிசகுமோ, முழங்கால் பெயருமோ என்று நான் ஜெபமாலையோடு வெளியே உட்கார்ந்திருப்பேன். போன மாதமும் ஒரு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று நடுக்களத்தில் வெயிலில் கண் கூசியதால், அண்ணாச்சி தெற்குக் கூடைக் கம்பத்தின் நிழலுக்கு வந்தார். அங்கேதான் மெர்சி நின்றிருந்தாள். பந்தைக் கைவிட்டார். தொப்பென்று விழுந்து அவர் இடுப்போடு நின்றது.

"பந்து தூங்குது" என்று பம்பை எடுத்தார். அடித்துவிட்டுப் போட்டார். மறுபடியும் இடுப்பு.

"அண்ணாச்சி, பந்து கல்லாட்டம் இருக்கு. விரலு போயிரும்" என்றாள் மெர்சி.

"ஏளா, சும்மா இரு. பொத்தான் பொய் சொல்லாது."

வேடிக்கை பார்த்த ஒருவன் கத்தினான்: "ஏலே, அண்ணாச்சி பந்துக்கா காத்து அடிக்காரு, லாரி டயருக்கா?"

அவர் அசரவில்லை. அடித்தார். பந்து வெடித்தது.

ஊரே சிரித்தது. அவர் மட்டும் துக்க வீட்டில் நிற்பவர்போல் கையை உயர்த்தி, "வேற பந்து வார வரைக்கும் ஒருத்தரும் உள்ள நிக்கக் கூடாது" என்று எல்லோரையும் வெளியேற்றினார். மெர்சி சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் தண்ணீர் வாங்கினாள்.

அப்போது தெற்குக் கம்பம் பலகையோடு சாய்ந்தது. அவள் நின்றிருந்த அதே இடத்தில் விழுந்தது.

மழைத் தண்ணீர் அடிமண்ணை அரித்து, சிமென்ட் தரைக்குக் கீழே வெறும் பொந்தாக இருந்திருக்கிறது. அந்தத் தரையில் எந்தப் பந்துதான் எழும்பும்?

மெர்சியை எப்படிப் பிடித்தேனோ தெரியாது. "யம்மா, மூச்சு முட்டுது" என்றாள். எனக்குக் கையை விட மனம் வரவில்லை. அண்ணாச்சி கிழிந்த பந்தை மடியில் வைத்து, "நல்லாயிருந்த உன் மேல பழியப் போட்டுட்டனே" என்று தேம்பிக்கொண்டிருந்தார்.

புதுக் கம்பம் நட்டாயிற்று. மெர்சி மறுபடி ஆடப் போகிறாள். அண்ணாச்சி இப்போது இரண்டு கம்பங்களின் அடியிலும் பந்தைப் போட்டுப் பார்க்கிறார். நான் பந்தைப் பார்ப்பதில்லை, பொத்தானைத்தான் பார்க்கிறேன். பந்து அங்கே வந்ததும் அவர் என் பக்கம் தலையசைப்பார்.

போன வாரம் அந்தப் பொத்தான் நூல்விட்டுத் தொங்கியது. அவர் மனைவியிடம் சட்டையைக் கேட்டு வாங்கி, இரட்டை நூல் கோர்த்து, இருந்த இடத்திலேயே நான் தைத்துக் கொடுத்தேன்.