‘ஈரச்சாக்கு’ ஆல்பம் குறித்த சமாதானக் கூட்டம்

கொடைக்கானல் பனி விழாவில் மேடை ஏற வேண்டுமானால் பனி விழா அனுமதிப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வேண்டுமானால் மேடை ஏறுகிறவர் மீது எந்த மனுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேஜிக் காட்டுகிறவரும் பொம்மலாட்டக்காரரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் வருடா வருடம் வந்து போகிறார்கள். மனுக் கொடுக்கும் அளவுக்கு அவர்களை யாரும் கவனித்ததில்லை என்பது வேறு விஷயம்.

நான் சிலுவைராஜ். அந்த அலுவலக வாசலில் பெரிய குடைக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன். ‘மேற்படி’, ‘தாழ்மையுடன்’, ‘ஆவன செய்யுமாறு’ என்ற மூன்று சொற்களை வைத்து இருபத்திரண்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

இந்த வருடச் சிக்கல் ‘ஃபியூஸ் போச்சு’ என்ற இசைக்குழுவால் வந்தது. கம்ப்யூட்டரில் தாளம் போட்டு, அதன் மேல் தொண்டை கிழியக் கத்துவது அவர்கள் இசை. எலக்ட்ரானிக் பங்க் என்று அதற்குப் பெயராம். பாடுவது ஃபெமினா. பகலில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, “ஹாட் வாட்டர் ஆறு டு எட்டு சார்” என்று பூப்போலச் சொல்கிற பிள்ளை. அதே வாயால் மாலையில் கத்தினால் ஏரியில் படகு ஆடும் என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முதல் ஆல்பம் ‘எட்டாவது விசில்’. மலையில் ஓடிய டாக்சியில் எல்லாம் அதுதான் ஓடியது.

இரண்டாவது ஆல்பம் ‘ஈரச்சாக்கு’ ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியானது. அதில் ஃபெமினா கத்தவில்லை. பூண்டி கிராமத்தில் வெள்ளைப்பூண்டு தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போய், ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கும் சத்தத்தைப் பதிவு செய்து, அதன் மேல் மெதுவாகப் பாடியிருந்தாள். மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். பனி விழாவில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று மதியம் அனுமதி விண்ணப்பத்தை என்னிடம் எழுத வந்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான்.

“ஒரு வாட்டி முழுசா கேக்கட்டும் அங்கிள். அப்புறம் திட்டினாக்கூட ஓகே. ரெண்டு வருஷம் பண்ணுனது. நேர்ல ஒரே ஒரு வாட்டி பாடிரணும்.”

பிள்ளை கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. விண்ணப்பத்தில் ‘தாழ்மையுடன்’ என்பதை இரண்டு இடத்தில் சேர்த்து எழுதினேன்.

அவள் உள்ளே போன கையோடு டாக்சி ஓட்டும் பிரசாந்த் வந்து நின்றான். ‘எட்டாவது விசில்’ ரசிகர் பேரவையின் தலைவன்.

“அண்ணே, ஒரு மனு. கத்தலண்ணே. எங்கயுமே கத்தல. வெள்ளனே எந்திரிச்சு, சவாரிய விட்டுட்டுக் காத்துக்கெடந்தேன். சாக்க இழுக்குறாங்க!”

எழுதினேன். ‘மேற்படி ஆல்பத்தில் நாளது தேதி வரை வழங்கப்பட்டு வந்த கத்தல், எவ்வித முன்னறிவிப்புமின்றி நிறுத்தப்பட்டதால், பாரம்பரிய ரசிகர்கள் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளனர்.’ அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான்.

அவன் போனதும் ஷர்மிளா வந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. ‘ஈரச்சாக்கு’ ஆதரவாளர் மன்றத்தை அன்று காலைதான் தொடங்கியிருந்தாள். பத்து மணிக்கு ஆல்பம், பத்து பத்துக்கு மன்றம்.

“கத்துறதெல்லாம் பழைய ஃபேஷன் சார். இது சைலன்ஸ். இது வேற லெவல். அவங்களுக்குப் புரியலன்னு எழுதுங்க.”

‘எதிர்மனுதாரர்களின் செவிகள் மேற்படி ஆல்பத்தின் தரத்துக்குப் போதிய அளவில் மேம்படுத்தப்படவில்லை’ என்று எழுதினேன். இரண்டு மனுவும் ஒரே கையெழுத்து, ஒரே மை. அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. இந்த மலையில் பாதித் தகராறுகள் என் கையெழுத்தில்தான் இரு பக்கமும் நிற்கின்றன.

மனு இரண்டு நிலுவையில் இருந்தால் ஒப்புதல் இல்லை. சிறப்பு அலுவலர் தமிழ்மதி மேடம் விதிப்படி நடப்பவர். ஆல்பம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நேரில் ஆய்வு செய்து, பதினைந்து நாளில் அறிக்கை தரும்படி கள ஆய்வாளர் அழகையாவுக்கு உத்தரவு போட்டார்.

அழகையா அய்யம்பாளையத்துக்காரர். ஆயுள் முழுக்க நிலம் அளந்தவர். ஆய்வுப் படிவத்தோடும் இடுப்பில் தொங்கும் அளவு டேப்போடும் என் குடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

“ஏலே சிலுவ, நான்கெல்லை கேட்டிருக்குய்யா. ஆல்பத்துக்கு எங்கிட்டுய்யா எல்லை?”

“கெழக்க முதல் பாட்டு, மேக்க கடைசிப் பாட்டுன்னு போடுங்க சார்.”

“வடக்க?”

“பழைய ஆல்பம்.”

“தெக்க?”

“அடுத்த ஆல்பம். இன்னும் வரலையே, அதனால புறம்போக்குன்னு போட்டுருங்க.”

போட்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் தவறு. ஆய்வு என்று உத்தரவில் இருந்ததால் ஆல்பத்தைக் கேட்டுவிட்டார். மனுஷனுக்கு வேறு வழி தெரியவில்லை. நிலத்தை அளக்க வேண்டுமானால் நிலத்துக்குப் போயாக வேண்டும் என்று பழகியவர். மகளின் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டார். சரியாகப் பிடிபடவில்லை என்று மறுபடி கேட்டார். பிறகு சம்பவ இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிப் பூண்டிக்கே போனார்.

கொட்டகையில் பாண்டியம்மாள் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். அவர் இழுத்த சாக்குதான் ஆல்பத்தில் வருகிறது.

“எஞ் சாக்குச் சத்தத்துக்கா ரெண்டு கட்சி நிக்குது? பூண்டு அம்பாரமாக் கெடக்கு. வெரசாக் கேட்டுட்டுப் போங்க சார்.”

அழகையா செல்போனை நீட்டி இரண்டாவது பாட்டைப் போட்டார். பாண்டியம்மாள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இது அடி கிழிஞ்ச சாக்கு,” என்றார். “அதான் இழுக்கையில அழுகுது. அந்தப் புள்ளையும் அதுக்குத் தக்கனதான் பாடுது. நல்லாத்தான இருக்கு?”

திரும்பி வந்து என் குடைக்குள் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அழகையாவின் குரல் மாறிவிட்டது. முப்பத்தொரு தடவை கேட்டாயிற்று என்றார். முதல் ஐந்து தடவை ஒன்றுமே விளங்கவில்லையாம். ஆறாவது தடவை, செத்துப்போன தன் அண்ணன் ஞாபகம் வந்து, பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதாராம். இதையெல்லாம் அறிக்கையில் எழுதாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கண்ணீருக்குப் படிவத்தில் இடமில்லை.

குறித்த நாளில் சமாதானக் கூட்டம் கூடியது. மேசைக்கு இடப்பக்கம் பேரவை, வலப்பக்கம் மன்றம், தலைமாட்டில் தமிழ்மதி மேடம், கால்மாட்டில் ஃபெமினா. பக்கத்துக்குப் பன்னிரண்டு நாற்காலி. நான் ஒப்பந்தம் எழுத அழைக்கப்பட்டிருந்தேன். வெளியே வராந்தாவில் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அவங்க யாரு?” என்றார் மேடம்.

பேக்கரியில் வேலை செய்யும் ஸ்டீவன் எட்டிப் பார்த்தான். “எங்களுக்கு மூணாவது பாட்டு பிடிச்சிருக்கு மேடம், அஞ்சாவது பிடிக்கல. மிக்ஸ்டா ஃபீல் பண்றோம்.”

“மிக்ஸ்டுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே. ஆதரவு, எதிர்ப்பு, ரெண்டுதான். நாற்காலியும் அப்படித்தான் போட்டிருக்கு. ஏதாவது ஒரு பக்கம் உக்காருங்க.”

“ரெண்டு பக்கமும் ஃபுல்லா இருக்கே மேடம்.”

“அப்ப உங்களுக்குக் கருத்து இல்லைன்னு பதிவு பண்ணிக்கிறேன்.”

பதிவாயிற்று. நாற்பது பேரும் நிம்மதியாக டீ குடிக்கப் போனார்கள்.

அடுத்து, பாதிக்கப்பட்டவர்தான் மனுக் கொடுக்க முடியும் என்ற விதியை மேடம் எடுத்தார். பாதிக்கப்பட வேண்டுமானால் ஆல்பத்தைக் கேட்டிருக்க வேண்டும். எல்லோரும் செல்போனைக் காட்டச் சொன்னார். எத்தனை நொடி கேட்டார்கள் என்பது அதிலேயே இருக்கும். பிரசாந்த் நாற்பது நொடி.

“மானமுள்ளவன் அதுக்கு மேல எப்படி மேடம் கேப்பான்?”

ஷர்மிளா பன்னிரண்டு நொடி.

“இது கேக்குற ஆல்பம் இல்ல மேடம். உணர்ற ஆல்பம்.”

மற்றவர்கள் இந்த இருவருக்கும் இடையில் இருந்தார்கள். ஃபெமினா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுசா யாருமே கேக்கலையா?” என்றார் மேடம்.

“நான் கேட்டேன் மேடம்,” என்று எழுந்தார் அழகையா. “நல்லா இருக்கு. நாலாவது பாட்டு மட்டும் செத்த நீளம். பழசும் நல்லாத்தான் இருந்துச்சு, இது வேற மாதிரி நல்லாருக்கு. அந்தப் பாப்பாவ ஒருக்காப் பாட விடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்.”

ஃபெமினா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஆல்பம் வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்து கத்தியது. பழைய ஆல்பத்தில்கூட இவ்வளவு கத்தல் இருந்திருக்காது.

“இவரு யாரு மேடம் சொல்றதுக்கு?” என்றான் பிரசாந்த்.

“கரெக்ட்!” என்றாள் ஷர்மிளா. “கேட்டுட்டு வந்து சொல்றாரு. அப்ப எப்படி நடுநிலையா இருக்க முடியும்?”

முதல் முறையாக இரு தரப்பும் உடன்பட்டது. மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வாதத்தில் நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. ‘மேற்படி ஆல்பத்தை முழுமையாகக் கேட்டதன் மூலம் கள ஆய்வாளர் தாமே ஒரு தரப்பாகிவிட்டபடியால், அவரது கருத்து நிராகரிக்கப்படுகிறது. அன்னார் நிகழ்ச்சி மேடையிலிருந்து நூறு மீட்டருக்குள் வரலாகாது’ என்று நானே எழுதினேன். எழுதும்போது அழகையா என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

சமாதானம் ஏற்பட்டுவிட்டதால் மற்றவை வெரசாக முடிந்தன. புதிய ஆல்பத்தைப் பாடக் கூடாது, பேரவைக்கு ஆட்சேபம். பழைய ஆல்பத்தைப் பாடக் கூடாது, மன்றத்துக்கு ஆட்சேபம். இரண்டையும் ஏற்று, ‘ஃபியூஸ் போச்சு’ குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்கு முழு அனுமதி வழங்கப்பட்டது.

“அப்ப மேடைல நான் என்ன பண்றது மேடம்?” என்றாள் ஃபெமினா.

“அனுமதி இருக்கும்மா. ஏறலைன்னா அடுத்த அஞ்சு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஏறி நில்லுங்க.”

விழா நாளில் மதியம் மூன்று மணிக்கு அவள் ஏறி நின்றாள். மைக் இருந்தது, வெளிச்சம் இருந்தது, ஸ்பீக்கர் ‘ங்ஙொய்’ என்று லேசாக இரைந்துகொண்டிருந்தது. நானூறு பேர் கூடியிருந்தோம். பத்து நிமிடத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அரை மணியில் செல்போன் வெளிச்சங்களைத் தூக்கி ஆட்டினோம். ஒரு மணி நேரம் முடிந்து அவள் இறங்கியபோது கைதட்டல் அடங்கவே இல்லை.

“பழைய ஃபியூஸ் போச்சு திரும்ப வந்துருச்சுண்ணே! என்னா கோவம்!” என்று பிரசாந்த் என்னைக் கட்டிப்பிடித்தான்.

“சைலன்ஸோட உச்சம் சார்,” என்று ஷர்மிளா கண்ணைத் துடைத்தாள். வராந்தாவில் நின்ற நாற்பது பேருக்கும் இந்த முறை கலப்படமில்லாமல் பிடித்திருந்தது. மறைப்பானேன், எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

கூட்டம் கேட்டைத் தாண்டி வெளியே வரும்போது, அழகையா தன் டேப்பால் சரியாக நூறு மீட்டர் அளந்து, அந்தக் கோட்டுக்கு அப்பால் ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் ஃபெமினா நின்றாள். மைக் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. நனைந்த சாக்கு ஒன்றைக் காலால் இழுத்துத் தாளம் வைத்து, ‘ஈரச்சாக்கை’ முதல் பாட்டிலிருந்து பாடத் தொடங்கியிருந்தாள். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் நின்றோம். பிரசாந்த் முகத்தைச் சுளித்தான்.

“என்னண்ணே இது, ரோட்டுல நின்னு? இப்பத்தான் மனசு நெறைஞ்சு வெளிய வர்றோம்.”

“மொத்த மூடும் போச்சு,” என்றாள் ஷர்மிளா. “சார், பேப்பர் வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தேன். எப்போதும் வைத்திருப்பேன். பிரசாந்தின் டாக்சி பானட்டில் வைத்து, ‘மேற்படி பெண் பொதுவழியில் பாட்டுப் பாடி, அன்னாரின் கலையை அமைதியாக ரசித்துத் திரும்பும் பொதுமக்களுக்குப் பெரும் இடையூறு விளைவிக்கிறார்’ என்று எழுதினேன். இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மனுவாக நான் எழுதியது அது ஒன்றுதான். கையெழுத்துப் போட அவ்வளவு பேரும் வரிசையில் நின்றார்கள். முதல் கையெழுத்தை நானே போட்டேன். அவள் அப்போது மூன்றாவது பாட்டில் இருந்தாள்.