மறுத்துவர் பட்டியல்

"இந்த வாரம் முடியறதுக்குள்ள உன்னை ஒரு டாக்டர் முன்னாடி உக்கார வைக்கலேன்னா, இந்தச் சிவப்புப் பேனாவை இனிமே கையாலயும் தொடமாட்டேன்!"

மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு அவர் முழங்கினார். மேலே அவர் மனைவி கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஏணியில் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். முன்பக்கமாக இறங்கினால் வலது முழங்கால் உயிரை எடுக்கும். தையல் இயந்திரத்தை இருபது வருஷம் மிதித்த கால் அது.

"சபதத்தை அப்புறம் பண்ணலாம். முதல்ல இந்தத் துணிமூட்டையைப் பிடிங்க."

பிடித்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. அவர் பிழைப்பே பிழையில்தான். ஊரில் யாரும் பிழை விடவில்லை என்றால் அவர் பிழைக்க முடியாது. அப்படிப்பட்டவர் அரசாங்கக் காப்பீட்டு அட்டையோடு வந்த சிறு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் செய்த காரியம், அட்டைப்படத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டது. 'மருத்துவர் பட்டியல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மறுத்துவர் பட்டியல்' என்று அச்சாகியிருந்தது.

"பாத்தியா? சின்ன 'ரு' போடத் தெரியல!"

"எழுத்து கிடக்கட்டுங்க. உள்ள ஆள் இருக்காங்களா பாருங்க."

நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் அட்டையை ஏற்றுக்கொள்வார்கள் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, தொலைபேசியும் பட்டியலுமாக நாற்காலியில் அமர்ந்தார்.

முதல் எண். மணியடித்தது. மனசும் அடித்துக்கொண்டது.

"அட்டையா, காசா?" என்றது ஒரு குரல்.

"அட்டை."

டொக்.

இரண்டாவது எண் ஒரு சிமெண்டுக் கடை. "முழங்காலுக்கா? பூசிவிடலாம் சார், நிக்கும்," என்றார் கடைக்காரர். அன்று முழுக்க அவரிடம் அன்பாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது எண்ணில் டாக்டரின் மகன். "அப்பா தவறி நாலு வருஷமாச்சுங்க."

"அடடா. மன்னிச்சுக்கோங்க. அவர்... அட்டை எடுத்துக்கிட்டவர்தானே?"

"உயிரோட இருந்தப்பவே எடுத்துக்கலீங்க."

ஏழாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகவே பேசினாள். "அட்டைக்குப் பழைய நோயாளிகளை மட்டும்தான் பாக்கறோம் சார்."

"பழைய நோயாளி ஆகணும்னா என்னம்மா செய்யணும்?"

"முதல்ல புது நோயாளியா வந்திருக்கணும்."

"புது நோயாளியா வரலாமா?"

"அதைத்தான் நிறுத்திட்டோமே சார்."

செவ்வாய்க்கிழமை காப்பீட்டு அலுவலகத்தைப் பிடித்தார். முக்கால் மணி நேரம் இசை கேட்டார். பிறகு ஒருவர் வந்தார். "பட்டியல்ல இருக்கற யாரை வேணும்னாலும் நீங்க சுதந்திரமா தேர்ந்தெடுக்கலாம் சார்."

"நான் தேர்ந்தெடுத்துட்டேன். அவங்கதான் என்னைத் தேர்ந்தெடுக்க மாட்டேங்கறாங்க!"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

புதன்கிழமை மாலை முப்பத்தெட்டாவது ஆளும் கைவிரித்தபோது அவருக்கு நெஞ்சுக்குள் யாரோ முறுக்கிப் பிழிவது போல இருந்தது. வாயு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெந்நீர் குடித்தார். பக்கத்து அறையில் தையல் இயந்திரம் நாலு மிதி ஓடும், நிற்கும். ஒரு 'அம்மா' கேட்கும். மறுபடி நாலு மிதி. புத்தகத்தை மூடினார். சிவப்பு வட்டம் கண்ணில் பட்டது. மறுத்துவர். அந்தப் புத்தகத்திலேயே சரியாக அச்சாகியிருந்த வார்த்தை அது ஒன்றுதான்! தன் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக, திருத்தியதை அடித்துவிட்டு மூலத்தை அப்படியே விட்டார்.

மனைவி காபியோடு நொண்டிக்கொண்டு வந்தாள். அந்த முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பொய்தான் எழுந்தது.

"கிடைச்சிடுச்சு!"

"நிஜமாவா? என்னிக்குங்க? நாளைக்கு வியாழக்கிழமை. நாளைக்கேவா?"

"ஆமா. வியாழன்தான்."

"பத்தரை மணிக்கா?"

"சரியா பத்தரை."

"எங்க? அந்த மேம்பாலத்துக்குப் பக்கத்துல, கண்ணாடிக் கதவு போட்டிருக்குமே, அங்கயா?"

"அங்கயேதான்! உனக்கெப்படித் தெரியும்?"

"சும்மா ஒரு ஊகம்தான்," என்றாள் அவள்.

பொய் இவ்வளவு வழுவழுப்பாக ஓடும் என்று அவர் நினைக்கவேயில்லை. ஆனால் நாளைக்கு என்ன செய்வது? கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். பதிவுப் புத்தகத்தில் பேர் இல்லை என்பார்கள். உடனே மேசையைத் தட்ட வேண்டும். 'என்ன நிர்வாகம் இது? நோயாளின்னா கிள்ளுக்கீரையா?' என்று கத்த வேண்டும். 'வாம்மா, இந்த இடமே வேண்டாம்' என்று மனைவியை அழைத்துக்கொண்டு மானத்தோடு வெளியேற வேண்டும். கால் குணமாகாது. மானமாவது குணமாகும்.

மறுநாள் கண்ணாடிக் கதவின் முன் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பலகையைப் படித்தார். தொழில் புத்தி. பிழை ஒன்றும் இல்லை. 'இதய நோய் நிபுணர்' என்று எழுத்து சுத்தமாக இருந்தது.

"ஏம்மா, இது இதயத்துக்கு..."

"உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

மேசைக்குப் பின்னால் ஒரு பெண். அவர் தொண்டையைச் செருமி, தட்டுவதற்குக் கையை ஓங்கினார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பத்தரை மணிக்கு. அட்டைக்கு."

"இதோ இருக்கே," என்று அந்தப் பெண் பதிவுப் புத்தகத்தில் விரல் வைத்தாள். வைத்த இடத்தில் அவருடைய பேர் இருந்தது. எழுத்துப்பிழை இல்லாமல்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க," என்றார் டாக்டர் உள்ளே. ஒயர்களை ஒட்டினார்கள். "எத்தனை நாளா இருக்கு?"

"ஒண்ணுமில்ல டாக்டர், வாயு..."

"எட்டு மாசமா," என்றது திரைக்கு அந்தப்பக்கத்துக் குரல். "மாடி ஏறும்போது நடுவுல நின்னு மின்சார மீட்டரைப் படிப்பாரு டாக்டர். எட்டு மாசமா எல்லார் வீட்டு மீட்டரையும் படிக்கறாரு. டாக்டர்கிட்ட போகலாம்னா சண்டைக்கு வருவாரு."

இயந்திரத்திலிருந்து வந்து விழுந்த காகிதத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "நல்லவேளை வந்தீங்க. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தா நீங்களா நடந்து வந்திருக்க மாட்டீங்க."

மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். படபடப்பே கூடாது என்றார். பிழை திருத்துகிறவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே கெஞ்சினார். "டாக்டர், இவ முழங்காலையும் ஒரு தடவை..."

"நான் இதயம் மட்டும்தாங்க. அதுவும் அட்டைக்கு மாசத்துக்கு ஒருத்தர். இந்த மாசத்துக்கு நீங்க ஆயிட்டீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஒரு இடத்துக்காக அவள் நாலு மாதமாக, மாதப்பிறப்பன்று காலை ஆறு மணிக்கே இந்தக் கண்ணாடிக் கதவின் முன் வரிசையில் நின்றிருக்கிறாள். மூன்று தடவை முன்னால் நின்றவருக்குப் போய்விட்டது. நாலாவது தடவை கிடைத்தது. நின்றது அந்தக் காலோடுதான். அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு நான் டாக்டர் தேடிடறேன்மா. இன்னும் அஞ்சு பேர் பாக்கி இருக்காங்க."

"இல்லீங்க. நாற்பத்து மூணு பேருக்கும் நான் போன மாசமே போன் பண்ணிட்டேன். முழங்காலுக்கு ஒருத்தரும் அட்டை எடுத்துக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் போன் போட்டதெல்லாம்? தெரிஞ்சும் ஏன் சும்மா விட்ட?"

அவள் பெஞ்சின் கைப்பிடியைப் பற்றி மெல்ல எழுந்தாள்.

"லீவு போட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னா கேட்டிருப்பீங்களா?"