பாண்டிக்காரனுக்குத் தெரியாதா?

பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் பலவகை ஜீவராசிகளைப் பார்க்கலாம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுபவன், வந்த வாரமே முடிக்குச் சாயம் அடித்துக்கொள்பவன், ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுபவன். இவர்களெல்லாம் பொங்கலுக்குள் தேறிவிடுவார்கள். லேசில் தேறாத இனம் ஒன்று உண்டு. அதற்கு உள்ளூர்க்காரன் என்று பெயர்.

அஃப்னானை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மார்க்கெட் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தாஜுதீனின் மகன். பிள்ளைச்சாவடி பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டு சேர்ந்தான். வகுப்பில் பாதிப்பேர் தேனி, ஓசூர் என்று எங்கெங்கிருந்தோ மூட்டை கட்டிக்கொண்டு வந்து, திக்குத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைக்கு என்ன கவலை? பிறந்ததும் பாண்டி, வளர்ந்ததும் பாண்டி.

எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும், சண்டே மார்க்கெட்டில் சொன்ன விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்க வேண்டும், எந்த பஸ் நிற்கும், எந்த பஸ் நிற்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் போய்விடும், எந்த வீதியின் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்றால் போட்டோ நன்றாக விழும் என்று, கேட்டவர் ஏன் கேட்டோம் என்று நொந்துபோகும்வரை சொல்லிக்கொண்டே இருப்பான். தெரியாததைக் கேட்டால்? இன்னும் விரிவாகச் சொல்வான்.

“இந்த வீட்டுல முன்னாடி யாரு இருந்தாங்க?” என்று கேட்டாள் தேனிக்காரி மேனகா.

“பிரெஞ்சு தளபதி ஒருத்தரு. குதிரைய மாடிலதான் கட்டுவாராம்.”

அது போன வருடம் கட்டிய லாட்ஜ்.

ஏன் இப்படி? சொல்லிவிடுகிறேன், பாவம். சாயங்காலம் ஆனால் மற்றவர்கள் ஹாஸ்டலுக்குப் போவார்கள். இவன் பஸ் ஏறி வீட்டுக்குப் போவான். மறுநாள் காலையில் வந்தால் எல்லாரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். “என்னடா?” என்று கேட்டால், “அது நேத்து ராத்திரி மேட்டர்டா, சொன்னா புரியாது” என்பான் ஓசூர் வினோத்குமார். இவனும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பான். ஊர் தெரியும் என்கிற ஒன்றுதான் அவனிடம் இருந்த சரக்கு. அதுவும் போய்விட்டால் தன்னை யாரும் சீந்தமாட்டார்கள் என்று உள்ளுக்குள் நிஜமாகவே பயந்தான்.

அப்படியிருக்கும்போதுதான் வினோத்குமார், “பாரடைஸ் பீச் போலாமாடா?” என்றான்.

“தாராளமா. நான் நூறு வாட்டி போயிருக்கேன். நம்ம ஊரு, டிக்கெட்கூடக் கேக்க மாட்டாங்க.”

ஒரு தடவைகூடப் போனதில்லை. பாண்டிக்காரன் எவன் போகிறான்? விருந்தாளி வந்தால் போகலாம் என்று வைத்திருப்பான். விருந்தாளி வந்தால் பஸ் ஏற்றிவிட்டு வந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அந்தக் கடற்கரைக்குப் படகு பிடிக்க நோணாங்குப்பத்தில் இறங்க வேண்டியவர்களை, அதற்கு முன்னாலேயே அரியாங்குப்பத்தில் இறக்கிவிட்டான். “இங்கேருந்து நடந்தாத்தான் ஊர பாக்க முடியும்” என்று சமாளித்தான். வெயிலில் ஊரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். படகுத்துறையில் டிக்கெட் கேட்டார்கள். நம்மவன் நின்ற வரிசையோ கழிப்பறைக்கான வரிசை. ஒருவழியாகப் படகில் ஏறி, மிதவைச் சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

படகோட்டியின் பெயர் பாவாடை. அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஊருப்பா?”

“பாண்டிண்ணா.”

“யாருகிட்ட? பாண்டிக்காரன் எவன்பா இந்த போட்ல ஏறுவான்? சட்டைய திருப்பி மாட்டிக்கினு உக்காந்திருக்க, பாத்தாலே தெரியுது வெளியூருன்னு.”

அன்று காலையிலிருந்து அஃப்னான் சொன்ன ஒரே உண்மை, தன் ஊர் பாண்டி என்பதுதான். அதைத்தான் அவர் நம்பவில்லை.

மேனகா திரும்பினாள். “நெசமாச் சொல்லு. நீ இதுக்கு முன்ன இங்க வந்திருக்கியா?”

படகு நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. இறங்கி ஓடவும் வழியில்லை.

“இல்ல,” என்றான். “மொத வாட்டி.”

இனி திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டான். வினோத்குமாரோ பெருமூச்சு விட்டான். “அப்பாடா! நீ எல்லாம் தெரிஞ்சவன்னு நாங்க வாயத் தொறக்கவே பயந்தோம்டா. எனக்கு இன்னும் லைப்ரரில புக்கு எடுக்கத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது,” என்றான் அஃப்னான். “உள்ள போயி ஏசில உக்காந்துட்டு வந்துடுவேன்.”

“நானு மொத நாளு வேற டிபார்ட்மென்ட்ல உக்காந்து நோட்ஸ் எழுதிட்டேன்,” என்றாள் மேனகா.

கரை வந்ததுகூடத் தெரியாமல் சிரித்தார்கள். திரும்பும்போது வினோத்குமார், “இன்னைக்கு எங்க மெஸ்ல சாப்பிட்டுட்டுப் போடா” என்றான். அஃப்னான் அம்மாவுக்கு போன் போட்டான். “சாப்பாடு வெக்காதம்மா. ப்ரெண்ட்ஸோட சாப்பிட்டு வர்றேன்.” ‘ப்ரெண்ட்ஸ்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். மெஸ் சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை. கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டான்.

திருந்திவிட்டான் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமே யாரோ காரை நிறுத்தி ஆரோவில்லுக்கு வழி கேட்டார்கள். அஃப்னான் கையை நீட்டி வாயைத் திறந்தான். வினோத்குமார் பாய்ந்து வந்து பொத்தினான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் பஸ் பிடித்து வருகிறார்களே, அந்த இடத்துக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது? பள்ளிக்கூடச் சுற்றுலாவிலா? ஆனால் யாராவது வழி கேட்டால் மட்டும் உங்கள் கை தானாக நீண்டுவிடுகிறது. நீங்கள் ‘நேராப் போங்க’ என்று அனுப்பிவைத்தவர்கள், இன்னும் நேராகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.