சாமிக்குச் சுடுமா?

தாயில்பட்டி,
புரட்டாசி, 2004

மரியாதைக்குரிய மச்சான் சங்கிலிமுத்து அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் தங்கப்பாண்டியன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் அவ்வளவு சௌக்கியமில்லை. உங்கள் தங்கை பாண்டிலட்சுமி ரொம்பச் சௌக்கியம். அதுதான் எழுதக் காரணம்.

ஆவணி மழையில் சாத்தூர் வேதக்கோயில் உபதேசியார் ஞானமுத்து நம் வீட்டில் ஒதுங்கினார். நனைந்த பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காயவைத்தார். யோவான் என்பவர் அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதமாம். கல்யாணமான நாளிலிருந்து நான் வாங்கி வரும் பேப்பரைத் தொடாதவள், அதை எடுத்து வாசித்துவிட்டு, "ஐயா, சாமி மாம்சத்துலதான் வந்தாருன்னு இவரு இம்புட்டு அழுத்திச் சொல்றாரே, இல்லைன்னு சொன்னது யாரு?" என்று கேட்டாள். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எங்க சபையில ஒருத்தரும் இதக் கேட்டதில்லம்மா. சாமிக்கு ஏது ஒடம்பு, ஒடம்பு மாதிரி தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான்னு அன்னிக்கு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு" என்றார். மழை நின்றுவிட்டது மச்சான், அவர் வருவது நிற்கவில்லை.

மதம் மாறிவிடுவாளோ என்று பயப்படாதீர்கள். அம்மனுக்கு விளக்கு வைத்த பிறகுதான் வாதத்துக்கே உட்காருகிறாள். என் வயிற்றெரிச்சல் வேறு. என்னிடம் "சோறு வைக்கவா?" என்பதைத் தவிர அவள் ஒரு கேள்வி கேட்டதுண்டா? அந்த யோவான் யார் என்று விசாரித்தேன். செத்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷமாச்சு என்றார்கள். கொஞ்சம் நிம்மதி. ஞானமுத்து உயிரோடு இருக்கிறாரே!

சரி, நானும் வாதத்தில் இறங்கினேன். "நம்ம ஊரு சாமியாடி பெத்தணன் மேல சாமி எறங்குது, ஆடுது, மலையேறிருது. தீச்சட்டி எடுக்கான், கை சுடுதா? சாமி எறங்குனாலும் வலி அதுக்கு இல்ல" என்றேன். ஞானமுத்து மரியாதையாகவே சொன்னார்: "அண்ணாச்சி, சாமி ஒரு மனுசன் மேல எறங்குச்சு, சிலுவையில பாடுபடுறதுக்கு முன்னாடியே போயிருச்சுன்னு அன்னிக்கும் ஒருத்தரு சொன்னாரு. அந்த மாதிரி ஆளுகள மறுக்கத்தான் இந்தக் கடிதமே." உங்கள் தங்கை கைகொட்டிச் சிரித்தாள். அத்தோடு விட்டாளா? அப்படிச் சொல்கிறவனுக்குள் இருப்பது கிறிஸ்துவின் எதிராளியான அந்திக்கிறிஸ்துவின் ஆவி என்று ஓரிடத்தில் வருகிறது, அதை என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஒருத்தரும் கவனிக்கவும் இல்லை.

மூன்று வாரம் முன்னால் நம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து காய்கிற இடத்தில் திடீரென்று தீப்பிடித்துக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. என் வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. மொபெட்டில் தூக்கிப்போட்டுச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? அதே ஞானமுத்து! ஊரில் வேறு வண்டியே இல்லையா? படுக்கையில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வார்டே முழித்துக்கொண்டது. உங்கள் தங்கை அழுதுகொண்டே விசிறினாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த எரிச்சல் என்னன்னே தெரியாத சாமி, இவுக பக்கத்துல வந்து ஒக்காந்தா என்ன, ஒக்காராட்டி என்ன?" என்றாள். ஞானமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல சொல்லப்போறேம்மா" என்றார். சொல்லியும்விட்டார். சபையே அவளைப் பாராட்டியதாம். கை என்னுடையது மச்சான், எரிச்சலும் என்னுடையது, பேர் மட்டும் அவளுக்கு!

ஆகவே உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையை ஒரு மாதம் கூட்டிக்கொண்டு போகவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், தீபாவளிக்கு வெடி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் வெந்த தங்கப்பாண்டியன்

பின்குறிப்பு: அண்ணே, நான் பாண்டிலட்சுமி. இவுக கையில கட்டு இருக்கதால, சொல்லச் சொல்ல நாந்தான் எழுதுனேன். ஒரு சொல்லு விடல. ஆனா இவுக ஒண்ண விட்டுட்டாக. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலருந்து அந்த ஐயாகூட வாதம் பண்றது இவுகதான். நடுவுல நான் வாயத் தெறந்தா, "சும்மா இரு, நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல"ன்றாக. நேத்து ஐயா வரல, இவுக வாசலையே பாத்துக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்துட்டாக. என்னக் கூட்டிட்டுப் போக வேண்டாம். மதினியக் கூட்டிக்கிட்டு வாங்க. எனக்கும் பேச ஒரு ஆளு வேணும்.